ஒரே பெட்டித் துண்டுகளில் புதிதாக ஒரு வீடு: கூரையிலிருந்து தொடங்குங்கள்

உங்களிடம் இருப்பது, ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் கற்களான லெகோவில், கிளாசிக் வரிசையின் 10698 எண் கொண்ட மஞ்சள் பெட்டி. 790 துண்டுகள், 33 நிறங்கள். கையேட்டில் உள்ளவற்றையெல்லாம் கட்டி முடித்தாயிற்று. இப்போது உங்கள் மகள் "புத்தகத்துல இல்லாத வீடு" கேட்கிறாள். மூன்று முறை முயன்றும் சுவர் பாதி உயரம் வந்ததும் நிறம் தீர்ந்துபோகிறது, சாய்வுக் கூரை வைத்தால் உள்பக்கம் சரிந்து விழுகிறது. வேறு பெட்டி வாங்காமல் இதற்கு வழி உண்டா, கூரையைப் பசை போட்டு ஒட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. கையிருப்பு இவ்வளவுதான், இதற்குமேல் ஒரு துண்டுகூடக் கிடைக்காது என்ற நிலையில் ஒரு வீட்டை எந்த இடத்திலிருந்து யோசிக்கத் தொடங்குவது என்பதே அது. அதற்கு விடை கிடைத்துவிட்டால் நிறம் தீர்வதும் கூரை சரிவதும் பெரும்பாலும் தாமே ஒழுங்காகிவிடும்.

வீட்டு வரைபடம் போடுவது என் தொழில். பிளாஸ்டிக் கல் அடுக்குவது மகனுக்காகத் தொடங்கி, அவன் விட்ட பிறகும் நான் விடாத பழக்கம். தொழிலில் வழக்கமான வரிசை என்னவென்றால், முதலில் வரைபடம், பிறகு கணக்கு, அதன் பிறகே செங்கல்லும் மரமும் வரும். ஆனால் காரைக்குடிப் பக்கம் இடிபடும் பழைய வீடுகளிலிருந்து தேக்கு நிலையும் தூண்களும் வாங்கி வந்து வைத்துக்கொண்டு, "இதுக்குத் தகுந்த மாதிரி ஒரு வீடு போட்டுக் கொடுங்க" என்று கேட்பவர்களும் உண்டு. அப்போது வரிசை தலைகீழாகிவிடும். நிலையின் உயரம் லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேலே வரும் குறுக்குக் கட்டை) மட்டத்தை முடிவு செய்யும், தூணின் எண்ணிக்கை தாழ்வாரத்தின் நீளத்தை முடிவு செய்யும். எளிதில் கிடைக்கும் செங்கல்லைப் பற்றி யாரும் கடைசி வரை கவலைப்பட மாட்டார்கள். உங்கள் மஞ்சள் பெட்டி இந்த இரண்டாம் வகை. நீங்கள் தரையிலிருந்து சுவரை எழுப்பிக்கொண்டே போய்க் கடைசியில் கூரைக்குத் துண்டு தேடுகிறீர்கள். தேடலைக் கூரையிலும் கதவு ஜன்னலிலும் தொடங்கிச் சுவரைக் கடைசியில் வையுங்கள் என்பதே என் பதிலின் சாரம். மீதியெல்லாம் அதற்கான கணக்கு.

முதலில், ஐயத்துக்கு இடமில்லாத அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். கல்லின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் வட்டக் குமிழ்களில் ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 8 மி.மீ. ஒரு முழுக் கல்லின் உயரம், குமிழைச் சேர்க்காமல், 9.6 மி.மீ. பிளேட் எனப்படும் தட்டைத் துண்டின் உயரம் 3.2 மி.மீ.; ஆகவே மூன்று பிளேட் சேர்ந்தால் ஒரு கல். டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரிலிருக்கும் லெகோ நிறுவனம் இன்றைய குமிழ்-குழாய்ப் பிணைப்புக்கு (மேலே குமிழ், அடியில் குழாய்) 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. அன்றைய கல் இன்றைய கல்லோடு பொருந்தும் அளவுக்கு இந்த எண்கள் மாறாமல் இருக்கின்றன. இன்னொரு கணக்கும் பயன்படும்: ஐந்து பிளேட் உயரமும் இரண்டு குமிழ் அகலமும் ஒன்றே, இரண்டும் 16 மி.மீ. ஒரு பகுதியைப் பக்கவாட்டில் படுக்க வைத்துச் சுவரில் பொருத்த நினைக்கும்போது இது கைகொடுக்கும். ஆனால் அதற்கு, பக்கவாட்டில் குமிழ் வைத்த சிறப்புக் கற்கள் வேண்டும், முதல் வீட்டுக்கு அது தேவையில்லை.

அடுத்து, பெட்டியைக் கொட்டிப் பிரிப்பது. பெரும்பாலோர் நிறவாரியாகப் பிரிப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், தேடுவதற்கு உதவாது. சிவப்புக் குவியலுக்குள் ஒரு சின்னச் சிவப்புத் துண்டைத் தேடுவதைவிட, பல நிறங்கள் கலந்த சின்னத் துண்டுகளின் குவியலில் சிவப்பை எடுப்பது எளிது, ஏனென்றால் கண் நிறத்தை உடனே பிடிக்கும், வடிவத்தை அப்படிப் பிடிக்காது. நான் செய்வது இதுதான்: ஒரு பழைய வேட்டியை விரித்து எல்லாவற்றையும் அதில் கொட்டி, சாப்பாட்டுத் தட்டுகளில் வடிவவாரியாகப் பிரிப்பேன். கதவு, ஜன்னல், அவற்றின் நிலை ஒரு தட்டு. சாய்வுக் கற்கள் ஒரு தட்டு. ஆறு குமிழுக்கு மேல் நீளமுள்ள எதுவானாலும் ஒரு தட்டு. ஒரு குமிழ் அகலக் கற்கள் ஒன்று, இரண்டு குமிழ் அகலக் கற்கள் ஒன்று. சக்கரம், கண், பூ போன்றவை தனியாக. முதல் மூன்று தட்டுகளில் உள்ளவற்றை மட்டும் எண்ணித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 790 என்ற எண் பெரிதாகத் தோன்றினாலும் வீட்டின் அளவை முடிவு செய்யப்போவது அந்த மூன்று தட்டுகளும்தான்.

கூரைக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் வீடு விழுவது அங்கேதான். இரண்டுக்கு இரண்டு குமிழ் அளவுள்ள 45 பாகைச் சாய்வுக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன்பாதி சரிவு. பின்பாதியில்தான் மேலே குமிழ் இருக்கும். வீட்டின் ஆழம் எட்டுக் குமிழ் என்றால், முதல் வரிச் சாய்வுக் கற்கள் இரு பக்கமும் வெளியோரத்து இரண்டு குமிழ்களை எடுத்துக்கொள்ளும். அடுத்த வரி ஒரு குமிழ் உள்ளே தள்ளி உட்காரும். மூன்றாவது வரி இன்னும் ஒன்று உள்ளே. அதற்கு மேல் நடுவில் எஞ்சும் இரண்டு குமிழ் அகலத்தின் மேல் முகட்டுக் கல். வீட்டின் நீளம் 14 குமிழ் என்றால் ஒரு வரிக்கு ஒரு பக்கத்துக்கு ஏழு கற்கள், மூன்று வரிக்கு இரு பக்கமுமாக 42, முகட்டுக்கு இன்னும் ஏழு, மொத்தம் 49. பல நிறங்களும் பல வடிவங்களும் கலந்து வரும் பெட்டியில் ஒரே சரிவுள்ள சாய்வுக் கற்கள் 49 கிடைப்பது அரிது. இந்த எண்ணை முதல் நாளே போட்டுப் பார்த்திருந்தால் அந்த நீளத்துக்குச் சாய்வுக் கூரை போட முயன்றிருக்கவே மாட்டீர்கள். அதே வீட்டில் ஒரு மூலையில் ஆறு குமிழ் நீளத்துக்கு மட்டும் சாய்வுக் கூரை வைத்து மீதியைத் தட்டையாக விட்டால், 18 சாய்வுக் கற்களும் மூன்று முகட்டுக் கற்களும் போதும். ஒரு பக்கம் மட்டும் சரியும் ஒற்றைச் சாய்வு என்றால் இன்னும் சிக்கனம். நான்கு குமிழ் ஆழமும் எட்டுக் குமிழ் நீளமும் உள்ள தாழ்வாரத்துக்குப் பன்னிரண்டு கற்கள் போதும்.

சரி, இருக்கிற கற்களை வைத்தாவது கூரை ஏன் நிற்பதில்லை? முதல் வரிச் சாய்வுக் கல்லின் முன்பாதி மட்டும்தான் ஒரு குமிழ் தடிமன் சுவரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. குமிழுள்ள பின்பாதி வீட்டுக்குள்ளே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது வரிக் கல்லை வைத்து அழுத்தும்போது, அந்த அழுத்தம் முழுவதும் அந்தரத்தில் நிற்கும் பாதியின் மேல் விழுந்து, ஏற்றப் பலகையின் ஒரு முனையில் குழந்தை உட்கார்ந்ததுபோல, முதல் வரிக் கல்லைச் சுவரிலிருந்து நெம்பி எடுத்துவிடுகிறது. இதற்குப் பசை தேவையில்லை. அடியில் முட்டு வேண்டும். சுவரின் கடைசி இரண்டு வரிகளை மட்டும் உள்பக்கமாக இரண்டு குமிழ் தடிமனாக்கிவிட்டால் முதல் வரிச் சாய்வுக் கல் முழுவதும் உட்கார இடம் கிடைக்கும். அதற்கு மேலே, இரண்டு பக்கக் கோடியிலும் முக்கோணச் சுவரைச் சாய்வுக் கற்களோடு சேர்த்தே வரிவரியாக எழுப்புங்கள்: முதல் வரியில் நடுவில் நான்கு குமிழ்க் கல், இரண்டாம் வரியில் இரண்டு குமிழ்க் கல். அந்த இரண்டும் அடுத்தடுத்த வரிக் கற்களின் உள்பாதியைத் தாங்கிக்கொள்ளும். வீடு நீளமாக இருந்தால் நடுவில் ஒரு குறுக்குச் சுவரும் அதே மாதிரிப் படிப்படியாக ஏறட்டும். அறையும் இரண்டாகும், கூரைக்கும் முட்டு கிடைக்கும். வெளியே தெரியாத இந்த இடங்களில் யாருக்கும் பிடிக்காத நிறங்களைச் செலவழித்துவிடலாம்.

சாய்வுக் கல் மிகவும் குறைவாக இருந்தால் பிளேட்டுகளைப் படிபோல அடுக்கியும் சரிவு கொண்டுவரலாம். ஒரு குமிழ் உள்ளே தள்ளுவதற்கு ஒரு பிளேட் உயர்த்தினால் சரிவு ஏறக்குறைய 22 பாகை. இரண்டு பிளேட் உயர்த்தினால் 39 பாகை. முழுக் கல்லாக உயர்த்தினால் 50 பாகைக்கு அருகில் போய்விடும். என் கண்ணுக்கு நடுவில் உள்ளது ஓட்டு வீட்டுக் கூரையின் சரிவுக்கு நெருக்கமாகத் தெரிகிறது. மொட்டை மாடியாகவே விட்டுவிடுவதிலும் ஒரு குறையும் இல்லை. நம் ஊர் வீடுகளில் பெரும்பாலானவை அப்படித்தான் இருக்கின்றன. பெட்டி வீடு என்றாலே முகடு வேண்டும் என்பது கையேட்டுப் படங்களால் வந்த பழக்கம். பில்லுண்டில் 2017-இல் திறக்கப்பட்ட லெகோ ஹவுஸ் கட்டடத்தைக் கட்டடக் கலைஞர் பியார்கே இங்கல்ஸின் அலுவலகம் 21 பெருங்கட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று மாற்றி மாற்றி அடுக்கியதுபோல வடிவமைத்திருக்கிறது. எங்கு பார்த்தாலும் தட்டைக் கூரைகளும் மேலேறிப் போகும் மாடிகளும்தான், ஓட்டு முகடு ஒன்றுகூடக் கிடையாது. பாரிஸுக்கு அருகே புவாசியில் லெ கொர்பூசியே 1928-க்கும் 1931-க்கும் இடையில் கட்டிய வில்லா சவோயின் லெகோ மாதிரி 2012-இல் வந்தபோது அதிலிருந்த துண்டுகள் 660. உங்கள் பெட்டியில் இருப்பதைவிடக் குறைவு. மெல்லிய தூண்கள், அவற்றின் மேல் ஒரு வெள்ளைப் பெட்டி, அதைச் சுற்றி நீளமாக ஓடும் ஜன்னல் பட்டை என்ற அளவிலேயே அது வீடாகிவிடுகிறது.

கூரை முடிவானதும் கதவு ஜன்னலுக்கு வருவோம். நான்கு குமிழ் அகலமும் ஆறு வரி உயரமும் உள்ள கதவு நிலை என்றால் சுவர் ஆறு வரி என்பது அங்கேயே தீர்ந்துவிடுகிறது. உங்கள் பெட்டியில் வேறு உயரம் இருந்தால் அந்த எண்ணை இங்கே போட்டுக்கொள்ளுங்கள். முன்சுவரில் ஒரு கதவும் நான்கு குமிழ் அகல ஜன்னல் ஒன்றும் வைப்பதாகக் கொள்வோம். மூலையில் ஒன்று, கதவு நான்கு, நடுவே இரண்டு, ஜன்னல் நான்கு, மறு மூலையில் ஒன்று என்று பன்னிரண்டு குமிழில் அடக்கிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும், எனக்கும் தோன்றியது. கட்டிப் பாருங்கள்: மூலையிலுள்ள அந்த ஒரு குமிழ் எல்லா வரியிலும் பக்கச் சுவர்க் கல்லின் நுனியாகவே அமைந்துவிடும், முன்சுவரின் கல் ஒன்றுகூடப் பக்கச் சுவருக்குள் நுழையாது, தொட்டால் முன்சுவர் மொத்தமாகக் கதவு போலத் திறந்துகொள்ளும். மூலைகளில் இரண்டிரண்டு விட்டு 2, 4, 2, 4, 2 என்று 14 குமிழாக்கினால் ஒரு வரியில் பக்கச் சுவர்க் கல் மூலையைப் பிடிக்கும், அடுத்த வரியில் முன்சுவர்க் கல் பிடிக்கும், மூலை பூட்டிக்கொள்ளும். மேலே சொன்ன 14-க்கு எட்டு என்ற அளவு அப்படி வந்ததுதான்.

இப்போதுதான் சுவர். 14-க்கு எட்டு அளவில், ஒரு குமிழ் தடிமனில், ஒரு வரிக்கு 40 குமிழ் இடம். ஆறு வரிக்கு 240. கதவுக்கு 24, நான்குக்கு மூன்று அளவுள்ள இரண்டு ஜன்னல்களுக்கு (முன்சுவரில் ஒன்று, பக்கச் சுவரில் ஒன்று) 24 கழித்தால் 192. அதே வீட்டை இரண்டு குமிழ் தடிமனில் கட்டினால் ஒரு வரிக்கு 72 குமிழ் இடம், திறப்புகளைக் கழிப்பதற்கு முன்பே 432 வந்துவிடும். கொத்தனார்கள் பத்தி எழுப்புவதுபோல மூலைகளிலும் கதவோரத்திலும் மட்டும் இரண்டு குமிழ்க் கல்லை நிறுத்தி, இடையில் ஒரு குமிழ்க் கல்லால் நிரப்புவது இரண்டுக்கும் நடுவான வழி. இரு வகைக் கற்களும் கலந்து வரும் பெட்டிக்கு அது நன்றாகப் பொருந்தும். இன்னொரு சிக்கனமும் உண்டு, நான் எப்போதும் பரிந்துரைப்பது: பின்சுவரே வேண்டாம். மூலைக்கு இரண்டு குமிழ் மட்டும் திருப்பிவிட்டு நடுவில் பத்துக் குமிழ் அகலத்தைத் திறந்தே விட்டால் 60 குமிழ் இடம் மிச்சம். 192 என்பது 132 ஆகிவிடும். உங்கள் மகள் கையை உள்ளே விட்டு விளையாட முடியும், கூரையைக் கழற்ற வேண்டிய தேவையே வராது.

நிறத்துக்கு வருகிறேன். 790-ஐ 33-ஆல் வகுத்தால் நிறத்துக்குச் சராசரியாக 24 துண்டு. அந்த 24-உம் நான்கு குமிழ்க் கற்களாகவே இருந்தாலும் 96 குமிழ் இடம்தான் நிரம்பும், 192-இல் சரிபாதி. உண்மையில் அவற்றில் சக்கரமும் சின்னத் துண்டுகளும் இருக்கும். ஆகவே ஒரே நிறச் சுவர் இந்தப் பெட்டியால் இயலாது என்பது கணக்கிலேயே முடிந்த விஷயம், உங்கள் திறமையில் குறையில்லை. நிறுவனம் 2013-இல் ஆர்கிடெக்சர் ஸ்டூடியோ என்ற பெயரில் 1,210 துண்டுகள் கொண்ட ஒரு பெட்டியை வெளியிட்டது. குறிப்பிட்ட கட்டடம் எதையும் கட்டச் சொல்லாமல், விரும்பியதை வடிவமைக்கத் தந்த அந்தப் பெட்டியில் வெள்ளைத் துண்டுகளும் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் துண்டுகளும் மட்டுமே இருந்தன. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. உங்களிடம் அந்த வசதி இல்லாததால் நிறத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். அடியில் இரண்டு வரி கருமை கலந்த நிறங்கள், வீட்டுக்கு நாம் அடிக்கும் சுவர்ப் பட்டைபோல. பத்திகள் எல்லாம் ஒரே நிறம். நிரப்புச் சுவர் வெளிர் நிறங்களின் கலவை. ஜன்னலுக்கு மேல் ஒரு வரி மட்டும் பளிச்சென்ற நிறம். பத்தி ஒரே நிறமாக நின்றுவிட்டால் இடையில் மூன்று நிறம் கலந்திருந்தாலும் கண் அதைக் குழப்பமாக எடுத்துக்கொள்வதில்லை. இது கணக்கில்லை, என் கண் சொல்வது. உங்கள் மகளின் கண் ஊதாவும் ஆரஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும் என்று சொன்னால் அவள் சொல்வதுதான் சரி.

உறுதியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது, உயரம் கூடினால் எடை தாங்காது என்று. பிபிசி வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்காக 2012-இல் பிரிட்டனின் ஓபன் யூனிவர்சிட்டி பொறியாளர்கள் இரண்டுக்கு இரண்டு குமிழ்க் கல்லை அழுத்தும் இயந்திரத்தில் வைத்துச் சோதித்தபோது அது சராசரியாக 4,240 நியூட்டன் வரை, அதாவது ஏறக்குறைய 432 கிலோ எடைக்கு, தாங்கியது. ஒன்றன் மேல் ஒன்றாக 3,75,000 கற்களை அடுக்கினால்தான் அடிக்கல் நசுங்கும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. உங்கள் வீடு அழுத்தத்தால் ஒருபோதும் விழாது. அது விழுவதெல்லாம் வளைவதாலும் விலகுவதாலும்தான். அதற்குக் கொத்தனார் சொல்லும் பாடமே இங்கும்: மூட்டின் மேல் மூட்டு விழக் கூடாது. ஒரு குமிழ்க் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக நட்டுவைத்த தூண் விரல் பட்டாலே சாயும். அதே உயரத்தில் மூட்டு மாறி மாறி வரும் சுவர் மேசை அதிர்ந்தாலும் நிற்கும். நீளமான கற்களையும் பிளேட்டுகளையும் தனித் தட்டில் எடுத்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அவற்றைச் சுவரில் ஆங்காங்கே செலவழிக்காமல் இரண்டு இடத்துக்கு ஒதுக்குங்கள்: கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டலாக, இரு பக்கமும் குறைந்தது இரண்டு குமிழாவது உட்காரும்படி, பிறகு சுவரின் உச்சியில் நான்கு மூலையையும் சேர்த்துக் கட்டும் ஒரு சுற்றுப் பட்டையாக. பின்சுவர் இல்லாத வீட்டுக்கு இந்தச் சுற்றுப் பட்டை கட்டாயம். அது இல்லாவிட்டால் பக்கச் சுவர்கள் இரண்டும் வெளிப்பக்கம் விரியும்.

இடையில் ஓர் எச்சரிக்கை. "எல்லாத்தோடயும் பொருந்தும்" என்று சொல்லி விற்ற வேறு தயாரிப்புக் கற்கள் ஒரு பை, எடைக்கு எடை மலிவாகக் கிடைத்ததே என்று நானும் ஒருமுறை வாங்கிக் கலந்தேன். ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகப் பார்த்தால் பொருந்தியது. பத்து வரி ஏறியதும் சுவர் நடுவில் மெல்ல வயிறு தள்ளியது, பதினைந்தாவது வரியில் கூரைக்கான பிளேட் ஒரு மூலையில் குமிழைத் தொடவே இல்லை. ஒரு கல்லில் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய வித்தியாசம் வரிக்கு வரி கூடிக்கொண்டே போகும். எல்லா மாற்றுத் தயாரிப்புகளும் அப்படித்தான் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பிற்பாடு மிகச் சரியாகப் பொருந்தியவற்றையும் பார்த்திருக்கிறேன். ஒரே பெட்டிக்குள் கட்டுவதற்கு இப்படி ஒரு நன்மையும் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதுவரை சொன்னவற்றில் அளவும் எண்ணிக்கையும் உறுதியானவை. இனிச் சொல்பவை என் தீர்ப்புகள், மாற்றுக் கருத்துக்கு இடமுள்ளவை. முதலாவது, வீட்டின் அளவு. லெகோ மனித பொம்மை ஏறக்குறைய 4 செ.மீ. உயரம், அது உள்ளே நுழைய வேண்டும் என்றால் மேலே சொன்ன ஆறு வரிச் சுவர்தான் பொருத்தம். பொம்மை வேண்டாம் என்றால் அளவைப் பாதியாக்கி மூன்று வரிச் சுவரில், ஒளி ஊடுருவும் ஒற்றைக் குமிழ்த் துண்டையே ஜன்னலாக வைத்து, இதே பெட்டியில் ஒரு சிறு தெருவையே கட்டிவிடலாம். எனக்குச் சிறிய அளவுதான் பிடிக்கும். குழந்தைகள் பெரும்பாலும் கை நுழையும் வீட்டைத்தான் கேட்கிறார்கள், அதனால் இங்கே அதையே எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது, "புத்தகத்தில் இல்லாத வீடு" என்பது. இரண்டுக்கு நான்கு குமிழ் அளவுள்ள ஒரே நிறக் கற்கள் இரண்டை 24 விதமாகவும், மூன்றை 1,060 விதமாகவும் இணைக்கலாம். ஆறு கற்களுக்கு அது 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். ஆகவே துண்டுக்குத் துண்டு உங்கள் வீட்டைப் போலவே இன்னொன்று இருக்க வாய்ப்பில்லை என்று துணிந்து சொல்லலாம். ஆனால் திண்ணை, கதவு, இரண்டு ஜன்னல், மேலே சரிவு என்ற யோசனை பலருக்கும் வந்திருக்கும், அதற்கு யாரும் உரிமை கோர முடியாது. ரீபிரிக்கபிள் என்ற இணையதளத்தில் பெட்டியின் எண்ணைக் கொடுத்தால் அதிலுள்ள துண்டுகளின் பட்டியலும், அதே துண்டுகளை மட்டும் வைத்துப் பிறர் வடிவமைத்தவையும் கிடைக்கும். பட்டியலை இப்போதே பாருங்கள், எண்ணும் வேலை பாதியாகக் குறையும். மற்றவர்களின் வீடுகளை, உங்கள் வீட்டைக் கட்டி முடித்த பிறகு பார்ப்பது நல்லது என்பது என் எண்ணம். முதலிலேயே பார்த்துவிட்டால் கை தானாக அந்தப் பக்கம் போகிறது. கணினியில் வரைந்து பார்க்க பிரிக்லிங்க் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பிரிக்லிங்க்கை 2019-இல் லெகோ நிறுவனமே வாங்கிவிட்டது. தொழில் காரணமாகத் திரையில் வரைவதில் பழகிய நானே இந்த அளவு வீட்டுக்கு அதைப் பயன்படுத்துவதில்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஒரு குமிழ் என்று தரைப்படம் போட்டாலே போதும். எட்டு வயதுக் குழந்தைக்கும் அது புரியும்.

கடைசியாகப் பசை. கண்காட்சிகளில் வைக்கும் பெரிய மாதிரிகளை ஒட்டித்தான் நிறுத்துகிறார்கள், அது அவர்களுக்குத் தேவை. அந்தக் கற்கள் வேறெதற்கும் திரும்பப் போவதில்லை. உங்களிடம் இருப்பது ஒரே பெட்டி. இந்த வீட்டின் கூரையை ஒட்டினால் அடுத்த வீட்டுக்குக் கூரை இல்லை, அவ்வளவுதான். நினைவுக்கு வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஒவ்வொரு வரி முடிந்ததும் மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வரிக்கு ஆறு படம், கூரைக்கு நான்கைந்து. பிரிக்கும்போது பிளேட்டுகளைப் பல்லால் கடித்துக் கழற்ற விடாதீர்கள்; கல் பிரிக்கும் ஆரஞ்சு நிற நெம்பி ஒன்று இருந்தால் இரண்டு பிளேட் ஒட்டிக்கொண்டதுகூட எளிதில் வந்துவிடும்.

மூன்று எண்கள் கிடைத்தால் இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும்: ஒரே சரிவுள்ள சாய்வுக் கற்கள் எத்தனை, கதவு நிலையின் உயரம் எத்தனை வரி, ஆறு குமிழுக்கு மேல் நீளமுள்ள துண்டுகள் எத்தனை. எண்ணி இங்கேயே எழுதுங்கள். கூரை எவ்வளவு நீளம் வரும், எந்தப் பகுதியைத் தட்டையாக விட வேண்டும் என்று கட்டத் தாளில் போட்டுத் தருகிறேன். வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்பதை மட்டும் உங்கள் மகளிடம் கேட்டுச் சொல்லுங்கள்.